கை வைத்தால் உடையும் கோடு: பிஸ்க்கோடு சில வருடங்கள்

பிஸ்க் (Bisq) என்ற பிட்காயின் வாங்கி விற்கும் செயலியைப் பற்றி நம்மவர்கள் பேசினால் "அடையாள அட்டை கேட்காமல் பிட்காயின் வாங்கலாம்" என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த வரி உண்மைதான். ஆனால் ஒரு மென்பொருளை வருடக்கணக்கில் கணினியில் வைத்திருப்பவனுக்கு அது போதாது. நான் பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம், ஜாவா எழுதிப் பிழைக்கிறவன். அடுத்தவர் எழுதிவிட்டுப் போன பழைய நிரலை, எங்கள் பாஷையில் கோடை, கட்டிக் காப்பதுதான் என் பகல் வேலை. அந்தப் பழக்கத்தில் பிஸ்க்கையும் அதே கண்ணோடுதான் பார்க்கிறேன். புதுப் பதிப்பு வந்தால் என்ன வசதி கூடியிருக்கிறது என்று தேட மாட்டேன். எதைத் தொட்டிருக்கிறார்கள், எதைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள் என்றுதான் தேடுவேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2016-இல் பிட்ஸ்குவேர் என்ற பெயரில் வெளிவந்து, அடுத்த வருடம் பெயர் மாறிய டெஸ்க்டாப் செயலி இது. தொடங்கியவர் மன்ஃப்ரெட் காரர். ஆர்டர்களை வைத்திருக்கும் மைய சர்வர் கிடையாது, உங்கள் காசைப் பிடித்து வைத்திருக்கும் நிறுவனமும் கிடையாது. திறந்ததும் உள்ளுக்குள்ளேயே டோர் (இணையத்தில் நாம் யார் என்பதை மறைக்கும் வலையமைப்பு) கிளம்பி, இதே செயலியை ஓட்டிக்கொண்டிருக்கும் மற்ற கணினிகளோடு பேசத் தொடங்கும். ஒருவர் ஆஃபர் போடுவார், இன்னொருவர் எடுப்பார். இரண்டு பேருமே செக்யூரிட்டி டெபாசிட் கட்ட வேண்டும். விற்கிற பிட்காயினும் இரண்டு டெபாசிட்டும் சேர்ந்து, இருவர் கையெழுத்தும் இருந்தால் மட்டுமே திறக்கும் மல்டிசிக் முகவரியில் பூட்டிக்கொள்ளும். வாங்குகிறவர் பணத்தை வெளியே அனுப்பி, விற்கிறவர் வந்துவிட்டது என்று உறுதி செய்தால் பூட்டு திறக்கும். அவ்வளவுதான் கதை.

ரிங்கிட்டில் வாங்க நினைத்து வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: ரிங்கிட் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். இங்கே கிரிப்டோ வாங்குகிறவர்கள் செக்யூரிட்டீஸ் கமிஷனில் பதிவு பெற்ற எக்ஸ்சேஞ்சுகளுக்குப் போய்விடுகிறார்கள். 2019 ஜனவரி 15 முதல் டிஜிட்டல் நாணயங்கள் அந்தக் கமிஷனின் கைக்குள் வந்துவிட்டன. 2021 ஜூலையில் உலகின் பெரிய எக்ஸ்சேஞ்ச் ஒன்றை, 14 வேலை நாளுக்குள் மலேசியாவில் இணையதளத்தையும் செயலியையும் நிறுத்து என்று அது உத்தரவிட்டதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். பிஸ்க்கில் நான் செய்வது பெரும்பாலும் பிட்காயினுக்கும் மோனேரோ என்ற இன்னொரு கிரிப்டோ நாணயத்துக்கும் இடையிலான மாற்றம்தான். நடுவில் வங்கியே வராது. சட்ட நிலவரத்தை அவரவர் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி கோடுக்கு வருவோம். பிஸ்க்கின் முதல் தலைமுறைக் கோடைத் திறந்து பார்க்கிற எந்த ஜாவாக்காரனுக்கும் கை அரிக்கும். ஆயிரம் வரியைத் தாண்டும் கிளாஸ்கள், ஒரு மேனேஜரைக் கூப்பிடும் இன்னொரு மேனேஜர், எதற்கென்று புரியாத பழைய புலங்கள் (தகவல் பெட்டிகள்). ஆபீஸ் கோடாக இருந்தால் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து ரீஃபாக்டர் செய்துவிடலாம் (வேலை மாறாமல் உள்ளமைப்பை மட்டும் சீராக்கிவிடலாம்) என்று தோன்றும். ஏன் முடியாது என்பது மெதுமெதுவாகத்தான் புரிந்தது.

ஒரு ட்ரேட் தொடங்கும்போது இரண்டு பக்கச் செயலியும் தனித்தனியாக ஒரே ஒப்பந்தத்தைத் தயாரிக்கின்றன. அந்த ஒப்பந்தம் ஜேசன் (தகவலை வரிசையாக எழுதும் உரை) வடிவத்தில் இருக்கும். அதில்தான் இருவரும் டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிறார்கள். என் பக்கச் செயலி ஒரு புலத்தைக் கூட்டினாலோ, வரிசையை மாற்றினாலோ, எழுத்து மாறிவிடும், கையெழுத்து பொருந்தாது, ட்ரேட் அங்கேயே விழும். எதிரில் இருப்பவர் பிரேசிலில் மூன்று பதிப்புக்கு முந்தையதை ஓட்டிக்கொண்டிருக்கலாம். அவரை அப்டேட் செய்யச் சொல்ல எனக்கு வழியில்லை. அதனால்தான் பின்னால் சேர்த்த புலங்களின் தலையில் "ஜேசனில் சேர்க்காதே" என்று ஒரு குறியீடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழகில்லை என்று அதை எடுத்தால் போச்சு.

பேமெண்ட் கணக்கு விவரங்களிலும் இதே கதை. பிஸ்க்கில் ஒரு கணக்கு எவ்வளவு பழையது என்பதற்கு மதிப்பு உண்டு. வங்கி வழி ட்ரேட்டில் அதை வைத்துத்தான் வரம்பு உயரும். அந்த வயதுக்கு ஆதாரம், கணக்கு விவரங்களிலிருந்து எடுத்த ஒரு ஹாஷ், அதாவது அந்த விவரங்களின் கைரேகை போன்ற ஒரு சுருக்க எண். ஒரு புலத்தின் பெயரை அல்ல, அது பைட்டாக மாறும் விதத்தைக் கொஞ்சம் மாற்றினாலே ஹாஷ் வேறாகிவிடும். நேற்று வரை மூன்று வயதான கணக்கு இன்று பச்சைக் குழந்தை. இதை எந்த கம்பைலரும் எச்சரிக்காது, யூனிட் டெஸ்ட்டும் அதற்கென்றே எழுதியிருந்தால்தான் பிடிக்கும்.

2019 ஏப்ரலில் தொடங்கிய பிஸ்க் டாவ் (தலைமை நிறுவனம் இல்லாமல் பயனர்களே நடத்தும் நிர்வாக அமைப்பு) இன்னும் கறாரானது. ஓட்டுப்போடுவது, பங்களித்தவர்களுக்குக் கூலி கொடுப்பது எல்லாம் பி.எஸ்.கியூ என்ற டோக்கன் வழியாக, பிட்காயினின் பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டின் மேலேயே நடக்கிறது. ஒவ்வொரு கணினியும் பிளாக்குகளைப் படித்து டாவின் நிலையைத் தானே கணக்கிட்டு, அதன் ஹாஷை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு சாதாரண ஹாஷ்மேப்பை (வரிசைக்கு உத்தரவாதம் தராத தகவல் பெட்டியை) இங்கே வைத்தால், உள்ளே இருக்கும் தகவல் ஒன்றாக இருந்தாலும் வரிசை கணினிக்குக் கணினி மாறி, ஹாஷ் பிசகிவிடும். எனவே வரிசை மாறாத ட்ரீமேப். வேகம் குறைவு என்று யாராவது ஒரு புதியவர் அதை "சரிசெய்து" அனுப்பினால், ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும்.

விதிகளை மாற்றவே முடியாதா? முடியும், ஆனால் தேதி குறித்துத்தான். புதிய விதி எந்த நாளிலிருந்து என்று கோடுக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். அதற்கு முன்பே அப்டேட் பரவ வேண்டும். அந்த நாள் கடந்த பிறகும் பழைய பாதையை நீக்க முடிவதில்லை, பழைய கணக்குகளைச் சரிபார்க்க அது தேவைப்படுகிறது. ஒவ்வொரு திருத்தமும் பழையதன் மேல் இன்னொரு அடுக்காக உட்காருகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் இதைக் குப்பை என்பார். முன்பு நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

புதிய பதிப்பு வந்தால் நான் செய்வது இது. சோர்ஸிலிருந்து பில்ட் செய்து, காசில்லாத ரெக்டெஸ்ட் நெட்வொர்க்கில் இரண்டு பேரை ஓட்டுவேன், ஆலிஸ், பாப் என்று. ஆலிஸுக்குப் பழைய பதிப்பு, பாபுக்குப் புதியது. ரெக்டெஸ்ட்டில் பிளாக்கைக் கட்டளை போட்டே உண்டாக்கிக்கொள்ளலாம் என்பதால் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டாம். பழையவளும் புதியவனும் ஒரு ட்ரேட்டை முடித்துவிட்டால் மனதுக்கு நிம்மதி. டெவலப்பர்கள் ஏற்கெனவே இதைச் செய்திருப்பார்கள்தான். ஆனாலும் என் பணம், என் திருப்தி.

இவ்வளவு பயம் எதற்கு என்று கேட்டால் 2020 ஏப்ரலைத்தான் காட்டுவேன்.

ஆரம்பத்தில் மல்டிசிக்கில் மூன்று சாவி இருந்தன, எந்த இரண்டும் போதும். மூன்றாவது சாவி, தகராறைத் தீர்க்கும் ஆர்பிட்ரேட்டரிடம். பரவலாக்கப்பட்டது என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கையில் இத்தனை சாவிகளைக் கொடுப்பது சரியில்லை என்று, 2019 இறுதியில் வந்த 1.2 பதிப்பில் அந்தச் சாவியை எடுத்துவிட்டார்கள். நியாயமான முடிவு. ஆனால் இரண்டே சாவி என்றால், ஒருவர் முரண்டு பிடித்தால் காசு நிரந்தரமாகச் சிக்கிவிடும். அதற்காக, ட்ரேட் தொடங்கும்போதே இருவரும் காலப்பூட்டு போட்ட ஒரு பரிவர்த்தனையில் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வார்கள். கிரிப்டோ ட்ரேட்டுக்குச் சுமார் 10 நாள், வங்கி ட்ரேட்டுக்குச் சுமார் 20 நாள் கழித்து அதை வெளியிடலாம். அன்றைய முறையில், வெளியிட்டால் பூட்டிலிருப்பதெல்லாம் டாவுக்கான ஒரு முகவரிக்குப் போகும். அந்த முகவரி சரியானதுதானா என்று எதிர்ப்பக்கச் செயலி பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஒருவன் அங்கே தன் முகவரியை நுழைத்துவிட்டு, காலம் முடியும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தான். மோனேரோ சந்தையில் 7 பேரிடமிருந்து சுமார் 3 பிட்காயினும் 4,000 மோனேரோவும் போயின.

நான் இதில் கவனிப்பது திருட்டை அல்ல, திருட்டு நுழைந்த வாசலை. பல வருடம் ஓடித் தேய்ந்த பழைய கோடில் அந்த ஓட்டை இல்லை. பாதுகாப்பைக் கூட்டுவதற்காகத் திருப்பி எழுதிய பகுதியில்தான் இருந்தது. மூன்றாவது சாவி இருந்த காலத்தில் அப்படி ஒரு முகவரியைச் சரிபார்க்கும் தேவையே இருந்ததில்லை. யாரும் மறந்துவிட்டார்கள் என்று சொல்வதைவிட, பழைய வடிவத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை என்பதுதான் சரி.

அன்று உடனே ட்ரேட் அனைத்தையும் நிறுத்தினார்கள். எப்படி? நம்பிக்கைக்குரிய சிலரிடம் இருக்கும் சாவியால் நெட்வொர்க் முழுதும் ஓர் அறிவிப்பை விட முடியும்: இந்தப் பதிப்புக்குக் கீழே உள்ளவர்கள் ட்ரேட் செய்ய முடியாது என்று. விரும்பினால் தன் கணினியில் அந்த அறிவிப்பைப் புறக்கணிக்கலாம், ஆனால் எத்தனை பேர் செய்வார்கள்? மையமே இல்லை என்று பெருமை பேசும் செயலியில் இப்படி ஒரு கயிறு இருப்பது முரண்தான். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. விரைவாக வந்த 1.3.0-க்கு எல்லோரையும் நகர்த்த அந்தக் கயிறு இல்லாமல் முடிந்திருக்காது.

லெபோ பினாங்கில் காசு மாற்றும் கடை வைத்திருக்கும் பாய் ஒருவருக்கு ஒரு நாள் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்போ தகராறு வந்தா எந்தக் கடை வாசல்ல போய் நிப்பே, தம்பி?"

"கடையே இல்ல பாய். முதல்ல மீடியேட்டர் ஒருத்தர் ரெண்டு பேர்கிட்டயும் பேசுவாரு. அவர்கிட்ட சாவி கிடையாது, யோசனை மட்டும்தான் சொல்லலாம். ஒத்துக்கலன்னா கெடு முடிஞ்சதும் மொத்தக் காசும் வேற இடத்துக்குப் போயிடும், அப்புறம் ஆர்பிட்ரேட்டர் பார்த்து யாருக்கு நியாயமோ அவருக்குத் தருவாரு."

"பிடிவாதம் பிடிச்சா ரெண்டு பேருக்கும் கஷ்டம்னு சொல்லு."

"அதனாலதான் முக்கால்வாசி பேரு ஒத்துக்கிறாங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க வாப்பா காலத்து உண்டியல்ல பணம் அனுப்புறதும் இப்படித்தான். ஆனா அதுல எதிர்ல இருக்கிறவன் மூஞ்சி தெரியும்" என்றார். நல்ல பதில் எதுவும் என்னிடம் இல்லை, டீ வந்துவிட்டது.

தினசரிப் பயன்பாடு பற்றியும் இரண்டு வார்த்தை. திறக்க நேரமாகும், டோர் அப்படித்தான். 2022-இல் டோர் நெட்வொர்க்கே மாதக்கணக்கில் தாக்குதலில் திணறியபோது இதுவும் சேர்ந்து திணறியது. இடைமுகம் ஜாவாஎஃப்எக்ஸ் என்ற ஜாவாவின் திரைக் கருவித்தொகுப்பில் கட்டியது; அதன் மேல் போட்டிருக்கும் பொத்தான் அலங்காரங்கள் இப்போது வளர்ச்சி நின்றுபோன ஒரு லைப்ரரியிலிருந்து வந்தவை, பார்த்தாலே வயது தெரியும். உள்ளிருக்கும் பிட்காயின் வாலட் பிட்காயின்ஜே-யின் மேல் கட்டியது. சில சமயம் பிளாக்செயினோடு ஒத்துப்போகாமல் நிற்கும், செட்டிங்ஸில் எஸ்.பி.வி. ஃபைலை (பிளாக்செயினின் சுருக்க நகலை) அழித்து மறுபடி சிங்க் செய்யும் பொத்தான் இருக்கிறது. பொத்தானையே வைத்திருக்கிறார்கள் என்பதிலிருந்து எவ்வளவு பொதுவான விஷயம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

உண்மையான வலி வேறு: ஒரு ட்ரேட்டுக்குப் பிளாக்செயினில் நான்கு பரிவர்த்தனை. ஆஃபர் போடுபவரின் கட்டணம், எடுப்பவரின் கட்டணம், டெபாசிட், கடைசியில் பூட்டு திறப்பது. 2023-இல் ஆர்டினல்ஸ் (பிளாக்செயினில் படம், எழுத்து பதிக்கும் பழக்கம்) அலையில் பிட்காயின் கட்டணம் ஏறியபோது சிறிய தொகைக்கு ட்ரேட் செய்வதில் அர்த்தமே இல்லாமல் போனது. இதை ரீஃபாக்டரிங்கால் தீர்க்க முடியாது, நெறிமுறையே அப்படி. விதிவிலக்காக 2021 கடைசியில் 1.8 பதிப்பில் வந்த பி.எஸ்.கியூ ஸ்வாப்பைச் சொல்லலாம். பிட்காயினும் பி.எஸ்.கியூவும் ஒரே பரிவர்த்தனையில் கை மாறும், டெபாசிட் வேண்டாம், காத்திருப்பு வேண்டாம். முதல் தலைமுறை பிஸ்க்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். பழைய ட்ரேட் கோடைத் தொடாமல் பக்கத்தில் தனியாகக் கட்டினார்கள் என்பதும் ஒரு காரணம்.

கடைசியில் அவர்களும் அந்த முடிவுக்குத்தான் வந்தார்கள். பழையதைச் செதுக்கிச் செதுக்கிப் பார்த்துவிட்டு, பிஸ்க் 2 என்று முழுதாகப் புதிதாக எழுதி 2024 மார்ச்சில் வெளியிட்டார்கள். முழுவதும் திருப்பி எழுதாதே என்பதுதான் எங்கள் தொழிலில் பெரியவர்கள் சொல்லும் புத்தி. இங்கே அந்தப் புத்தி பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். பழைய செயலி ஒரே ஒரு ட்ரேட் முறையைச் சுற்றிக் கட்டப்பட்டது. புதியதோ பல முறைகள் வரும் என்று எதிர்பார்த்தே பிரித்துக் கட்டப்பட்டிருக்கிறது. வேகமாகத் திறக்கிறது, கோடைப் படிக்கவும் முடிகிறது. பழையதை மூடவும் இல்லை, அதுவும் பக்கத்திலேயே ஓடுகிறது. அப்படி விட்டதுதான் அவர்கள் செய்த நல்ல காரியம்.

ஆனால் புதியதில் முதலில் வந்த முறை பிஸ்க் ஈஸி. பூட்டு இல்லை, டெபாசிட் இல்லை. விற்பவரின் நற்பெயரை நம்பி வாங்குகிறவர் முதலில் பணம் அனுப்ப வேண்டும், உச்சவரம்பு 600 அமெரிக்க டாலர். கையில் ஒரு சத்தோஷிகூட (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) இல்லாத புதியவருக்கு இது வரப்பிரசாதம், ஏனென்றால் பழையதில் டெபாசிட் கட்டவே முதலில் பிட்காயின் வேண்டும். எனக்கு? மல்டிசிக்குக்குப் பழகிய கைக்கு அது வெறுங்கையாகத் தெரிகிறது. டாப்ரூட் என்ற பிட்காயின் மேம்பாட்டைப் பயன்படுத்தி மல்டிசிக்கை மலிவாக்கும் மியூசிக் (MuSig) முறை வேலையில் இருக்கிறது. அது வரும்வரை மோனேரோ மாற்றத்துக்குப் பழையதையே விடப்போவதில்லை.

பழையதை ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. சீட் வார்த்தைகளை எழுதி வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அவை வாலட்டை மட்டுமே மீட்கும். நடந்துகொண்டிருக்கும் ட்ரேட், பேமெண்ட் கணக்கின் வயது, டோரில் உங்கள் ஆனியன் முகவரி எல்லாம் டேட்டா டைரக்டரியில் இருக்கின்றன. பதிப்பு மாற்றும் முன் செயலியை மூடிவிட்டு அந்த முழு ஃபோல்டரையும் நகலெடுங்கள், புதிய ஃபைலின் பிஜிபி கையெழுத்தை (அது அசலானதுதான் என்பதற்கான டிஜிட்டல் முத்திரையை) சரிபாருங்கள், திறந்த ட்ரேட் இருந்தால் அது முடியும்வரை அப்டேட்டைத் தள்ளிப்போடுங்கள். அந்தப் பழைய கணக்கின் வயதை பிஸ்க் 2-க்கு எடுத்துப்போய் நற்பெயர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கும் அதே பழைய ஹாஷ்தான் ஆதாரம்.