கையடக்க டார்ச்சில் 4000 லூமென்: செம்பு உடலா, நல்ல டிரைவரா?

ஒரே ஒரு 18650 வகை லித்தியம் பேட்டரி, தலையில் நான்கு எல்.இ.டி., உள்ளங்கைக்குள் அடங்கும் உடல். கஸ்டம் டார்ச் பிரியர்களிடம் பிரபலமான அமைப்பு இது. எமிசார் டி4 வகை லைட்டுகள் 4000 லூமெனை ஒட்டிய வெளிச்சம் தருகின்றன (லூமென் என்பது வெளிவரும் மொத்த ஒளியின் அளவு). வாங்கப் போகிறவர் அடுத்து மாட்டிக்கொள்ளும் விவாதம், உடல் அலுமினியமா, செம்பா, டைட்டானியமா என்பது. என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது டிரைவர், அதாவது பேட்டரியிலிருந்து எல்.இ.டி.க்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று. ஆனால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள் என்பதால் நானும் அங்கிருந்தே வருகிறேன்.

முதலில் ஒரு தோராயக் கணக்கு. இந்த அளவு லைட் 4000 லூமெனில் எரிய 40 வாட்டுக்கு மேல் வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்குதான் ஒளியாகிறது. மீதி 30 வாட் வெப்பம். உடலின் வெளிப்பரப்பு 80, 90 சதுர சென்டிமீட்டர் இருக்கும். காற்று அசையாத இடத்தில், சுற்றுப்புறத்தைவிட 25 டிகிரி சூடாக இருக்கும்போது அந்தப் பரப்பு வெளியேற்றுவது 2, 3 வாட் மட்டுமே. கையில் பிடித்தால் ரத்த ஓட்டம் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், காற்று அடித்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆக, பெரிய குழாயில் தண்ணீர் கொட்டுகிற தொட்டிக்கு அடியில் ஊசித்துளை மாதிரிதான் நிலைமை. உலோகத்தை மாற்றினால் தொட்டியின் அளவு மாறும், துளை மாறாது.

எவ்வளவு மாறும்? 60 கிராம் அலுமினிய உடல் ஒரு டிகிரி சூடேற 54 ஜூல் வேண்டும். 30 வாட் உள்ளே போனால் 25 டிகிரியிலிருந்து 50 டிகிரியைத் தொட 45 வினாடி. அதே வடிவத்தைச் செம்பில் கடைந்தால் எடை 200 கிராம் ஆகிறது, டிகிரிக்கு 77 ஜூல், 64 வினாடி. அதாவது பாக்கெட்டில் 140 கிராம் கூடுதலாகச் சுமந்து 20 வினாடி அதிக டர்போ, அதாவது உச்ச வெளிச்சம், வாங்குகிறோம். நிஜத்தில் தலைப்பகுதிதான் முதலில் கொதிக்கும் என்பதால் இரண்டு நேரமும் இன்னும் குறையும். செம்பின் வெப்பக் கடத்தல் (ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு) 400 வாட்டை ஒட்டியது, 6061 வகை அலுமினியத்தில் 167. இந்த வேறுபாடு வெப்பத்தைத் தலையிலிருந்து வாலுக்குச் சீக்கிரம் பரப்ப உதவும், மறுக்கவில்லை. ஆனால் எல்.இ.டி.யிலிருந்து உடலுக்கு வெப்பம் இறங்குவதைத் தீர்மானிப்பது அடியில் இருக்கும் செம்புப் பலகை, அதன் கீழே உலோகத் தட்டின் தடிமன், நடுவில் பூசிய தெர்மல் பேஸ்ட். இவை மூன்றும் சரியாக இருந்தால் அலுமினியமே போதும்.

பளபளப்பாக மெருகேற்றிய செம்பில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மெருகிட்ட உலோகம் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியே விடுவது மிகக் குறைவு. அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம் ஏற்றிய, அலுமினியம் அதைப் பல மடங்கு நன்றாகச் செய்யும். இவ்வளவு சிறிய பொருளில் கதிர்வீச்சு அலட்சியப்படுத்தும் அளவு அல்ல. ஆகவே மேசையில் வைத்து நீண்ட நேரம் எரியவிட்டால், விலை உயர்ந்த செம்பு சாதாரண அலுமினியத்திடம் தோற்கக்கூடும்.

டைட்டானியம் அழகு, உறுதி, துரு இல்லை, சரி. ஆனால் வழக்கமாகப் பயன்படும் ஐந்தாம் தர உலோகக் கலவையின் கடத்தல் 7 வாட்டைக்கூடத் தாண்டாது. உடல் குளிராக இருப்பதாகக் கை சொல்லும், எல்.இ.டி. உள்ளே வெந்துகொண்டிருக்கும். நான்கு எல்.இ.டி. லைட்டுக்கு முழு டைட்டானியம் உடலை நான் பரிந்துரைக்க மாட்டேன். தலையின் உட்பகுதி செம்பாக இருந்தால் யோசிக்கலாம். பித்தளை? எடை செம்புக்குப் பக்கத்தில், கடத்தல் அலுமினியத்துக்கும் கீழே. நிறத்துக்காக மட்டும்.

இப்போது டிரைவருக்கு வருவோம். எஃப்.இ.டி. (ஒரு வகை டிரான்சிஸ்டர்) டிரைவர் பேட்டரியைக் கிட்டத்தட்ட நேரடியாக எல்.இ.டி.யோடு இணைத்துவிடும். உச்ச லூமென் எண்ணைக் குறைந்த செலவில் எட்ட இதைவிட எளிய வழி இல்லை. வெளிச்சத்தைக் குறைக்கும்போதுதான் வினை. அது மின்னோட்டத்தைக் குறைப்பதில்லை, முழு மின்னோட்டத்தையே வேகமாக வெட்டி வெட்டித் தருகிறது. 500 லூமெனிலும் எல்.இ.டி. டர்போவின் மோசமான திறனிலேயே ஓடும். லீனியர் டிரைவர் மின்னோட்டத்தைச் சீராகக் குறைக்கும், ஆனால் பேட்டரி 4 வோல்ட், எல்.இ.டி. கேட்பது 3 வோல்ட் என்றால் இடைப்பட்ட ஒரு வோல்ட், அதாவது கால் பங்கு, டிரைவரிலேயே வெப்பமாகிறது. பேட்டரி இறங்க இறங்க இந்த நஷ்டம் குறையும். மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் பூஸ்ட் டிரைவர் 6 அல்லது 12 வோல்ட் எல்.இ.டி.களை 90 சதவீதத்தை ஒட்டிய திறனில் ஓட்டும். பேட்டரி பாதியானாலும் வெளிச்சம் மங்காது.

கையில் பிடித்திருக்கும்போது உடல் நிரந்தரமாக 4 வாட் வெப்பத்தை வெளியேற்றும் என்று வைத்துக்கொள்வோம். எல்.இ.டி. திறன் வாட்டுக்கு 120 லூமென், அதற்குப் போகும் மின்சாரத்தில் 40 சதவீதம் ஒளி. மேலே சொன்ன லீனியர் டிரைவரில் நிலையாகக் கிடைப்பது சுமார் 515 லூமென். பூஸ்டில் 675. அதே உடல், அதே சூடு, 30 சதவீதம் அதிக வெளிச்சம். செம்புக்கு மாறியிருந்தால் இந்தக் கணக்கில் ஒரு லூமென்கூடக் கூடியிருக்காது. என் காசு டிரைவருக்குப் போவது இதனால்தான்.

எல்.இ.டி. தேர்வில் ருசியும் கலந்திருக்கிறது. நிச்சியா நிறுவனத்தின் 519ஏ எல்.இ.டி. நிறங்களை உள்ளபடி காட்டும், அதற்கு விலையாகக் கொஞ்சம் லூமென் போகும். நான் மகிழ்ச்சியாகக் கொடுப்பேன், ஏனென்றால் லூமென் கால் பங்கு குறைந்தால் கண் அதைக் கவனிப்பது கடினம், தோல் நிறம் செத்துப்போய்த் தெரிந்தால் உடனே கவனிக்கும். தூரம்தான் வேண்டும் என்றால் நான்கு எல்.இ.டி. வழியே தப்பு. ஒற்றை ஓஸ்ராம் டபிள்யூ1 எல்.இ.டி., ஒரு சதுர மில்லிமீட்டர் ஒளிப்பரப்பு, ஆழமான ரெஃப்ளெக்டர். லூமென் கால்வாசி, வெப்பம் பாதிக்கும் கீழே, ஆனால் ஒளிக்கற்றை வெகுதூரம் போகும். எட்டும் தூரம் கேண்டிலாவின், அதாவது ஒரு திசையில் குவியும் ஒளிச் செறிவின், வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தூரம் இரட்டிக்க நான்கு மடங்கு கேண்டிலா வேண்டும். அதை வாட்டை ஏற்றி வாங்குவதைவிட ஒளியைக் குவித்து வாங்குவது எவ்வளவோ மேல்.

லூமென் எண்ணை ஒப்பிடும்போது எப்போது அளந்தது என்று பாருங்கள். டார்ச்சுகளுக்கான எஃப்.எல்.1 தரநிலைப்படி லைட்டை எரியவிட்டு 30 வினாடி கழித்தே அளக்க வேண்டும். பல கஸ்டம் லைட்டுகளின் எண் சுவிட்ச் போட்ட கணத்துக்குரியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

சூட்டைக் கட்டுப்படுத்துவதிலும் இரு வகை உண்டு. ஒன்று நேரம் பார்த்துக் குறைப்பது, இன்னொன்று வெப்பநிலை பார்த்துக் குறைப்பது. முன்னது குளிர்க்காற்றில் தேவையில்லாமல் மங்கும், புழுக்கத்தில் தாமதமாக மங்கும். டார்ச்சுக்குள் ஓடும் ஆண்டுரில் மென்பொருள் பின்னதைச் செய்கிறது, உச்ச வெப்பநிலையை நாமே அமைக்கலாம். 50 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். வெறும் உலோகம் 51 டிகிரியில் ஒரு நிமிடம் தோலைத் தொட்டிருந்தால் தீக்காயம் வரலாம்.

பாக்கெட்டில் தானாக எரிவதுதான் உண்மையான ஆபத்து. அனோடைஸ் செய்த திருகு மறைகள் உள்ள அலுமினிய லைட்டில் வால்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் மின்சாரம் துண்டிக்கப்படும். செம்பிலும் டைட்டானியத்திலும் மறைகள் வெறும் உலோகம், தளர்த்தினாலும் தொடர்பு அறாது. அவற்றில் ஆண்டுரில் இரண்டாம் பதிப்பின் சுவிட்சை நான்கு முறை அழுத்தினால் விழும் பூட்டையே நம்ப வேண்டும், அல்லது பேட்டரியைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும்.