மழுங்கிய வீல் நட்டைக் கழற்றும் சாக்கெட் செட்: ஒரு வருடம் வைத்திருந்தவன் சொல்வது

கறுப்பு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே நட்டின் மேல் தொப்பி போல மாட்டித் திருப்பும் ஐந்து சாக்கெட், நடுவிரல் நீளத்தில் ஒரு இரும்புக் குச்சி, ஒருபக்கம் சீன எழுத்தும் மறுபக்கம் யாரோ தூக்கத்தில் எழுதிய ஆங்கிலமும் அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு. ஆன்லைனில் 1,380 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மூலை தேய்ந்துபோன வீல் நட்டைக் கடித்துப் பிடித்துக் கழற்றும் எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் இது. பிராண்ட் பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் இதே டப்பாவை ஏழெட்டு பெயரில் விற்கிறார்கள், அடுத்த மாதம் பெயரும் மாறிவிடும். எதைப் பார்த்து வாங்க வேண்டும், எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதைச் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்.

முதலில் கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் மடிப்பாக்கம் தெருவில் என் வேகன் ஆர் இரண்டு நாள் பாதி டயர் வரை தண்ணீரில் நின்றது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற சந்தோஷத்தில் சக்கரத்தை யாரும் நினைக்கவில்லை. அப்புறம் சில மாதம் கழித்து டயர் மாற்றப் போன இடத்தில் பையன் காற்றழுத்தத்தில் நட்டைத் திருப்பும் ஏர் கன்னை வைத்து ஒவ்வொரு நட்டுக்கும் டர்ர்ர் என்று ஐந்தாறு நொடி அடித்தான். அப்போது அது வேகமான வேலையாகத்தான் தெரிந்தது. உள்ளே துரு, மேலே ஏர் கன், இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தெரிந்தது. பின்பக்க இடது சக்கரத்தில் பஞ்சர், வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்பும் நேரம், மனைவி பட்டுப்புடவையில் வாசலில் நிற்கிறாள்.

காரோடு வந்த எல் ஸ்பேனரைப் போட்டு மிதித்தேன். மூன்று நட்டு, நான் முழுசாக ஏறி நின்றபிறகு, 'டக்' என்று விட்டன. நாலாவது விடவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: என் எடை 74 கிலோ, ஸ்பேனர் நீளம் கால் மீட்டர், அப்படியானால் திருப்பு விசை ஏறக்குறைய 180 நியூட்டன் மீட்டர். இந்த அளவு கார்களுக்கு நட்டை இறுக்க வேண்டியது 85 முதல் 110 வரைதான். அதற்கு ஒன்றரை மடங்குக்கு மேல் கொடுத்தும் அசையவில்லை. இன்னொரு முறை கொஞ்சம் குதித்தேன். ஸ்பேனர் வழுக்கி முழங்கால் தரையில். நட்டைப் பார்த்தால் ஆறு மூலையில் நான்கு காணோம், நெல்லிக்காய் மாதிரி உருண்டுவிட்டது. கல்யாணத்துக்கு ஆட்டோவும் ரயிலுமாகப் போனோம். அதைப் பற்றி இன்றுவரை வீட்டில் பேச்சு உண்டு.

இந்த செட்டை வாங்குவதற்கு முன்னால் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பக்கத்துக் கடையில் பளபளவென்று ஒரு சாதாரண சாக்கெட், 18 எம்எம், பன்னிரண்டு மூலை வைத்தது. அதைத் தேய்ந்துபோன 19 எம்எம் நட்டின் மேல் சுத்தியலால் அடித்து ஏற்றிவிட்டால் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு வீடியோவில் காட்டினார்கள். யோசனை தப்பில்லை, பழைய மெக்கானிக்குகளும் இதைச் செய்வார்கள். ஆனால் மலிவான பளபள சாக்கெட் அடி தாங்கும் சரக்கு இல்லை. இரண்டாவது அடியில் பக்கவாட்டில் விரிசல், திருப்பும் இரும்புத் தடியை, அதாவது பாரைப் போட்டுத் திருப்பியதும் ஒரு சில்லு தெறித்து மட்கார்டில் பட்டது. கண்ணில் பட்டிருந்தால்? அன்றைக்கு என் கண்ணில் கண்ணாடி கூட இல்லை. பொதுவாகப் பளபளப்பாக இருப்பவை குரோம் வெனேடியம் எஃகு, கையால் திருப்ப மட்டும். அடியும் ஏர் கன்னும் தாங்க வேண்டியவை குரோம் மாலிப்டினம் எஃகில் வரும், பெரும்பாலும் மங்கலான கறுப்பு நிறம், சுவர் தடியாக இருக்கும். கறுப்புச் சாயம் பூசினாலே அந்த எஃகு ஆகிவிடாது என்பதும் உண்மை, அதனால் கையில் தூக்கிக் கனத்தைப் பாருங்கள்.

சரி, இந்த செட்டுக்கு வருகிறேன். சாக்கெட்டின் உள்ளே எட்டிப் பார்த்தால் ஆறு மூலை இருக்காது. முறுக்கு நாழியில் போடும் நட்சத்திர அச்சை யாரோ பிடித்துத் திருகிவிட்டது போல வரிவரியாகச் சுழன்று உள்ளே குறுகிக்கொண்டே போகும். அந்த வரிகள் இடப்பக்கச் சுழற்சி. நட்டைக் கழற்ற நாம் திருப்புவதும் இடப்பக்கம்தானே, அதனால் திருப்பத் திருப்ப சாக்கெட் தன்னைத்தானே நட்டின் மேல் இழுத்துக்கொண்டு, வரிகளின் விளிம்பு இரும்பில் இறங்கிக் கடிக்கும். சாதாரண சாக்கெட்டில் அழுத்தம் கூடினால் வழுக்கும், இதில் அழுத்தம் கூடினால் பிடி கூடும்.

முந்தின நாள் ராத்திரி ஸ்டட் (நட்டு ஏறும் மரை போட்ட தண்டு) நுனியில் டபிள்யூடி-40 என்ற துரு இளக்கும் எண்ணெயை அடித்து வைத்தேன். என்னுடையது முன்பக்கம் திறந்த நட்டு, அதனால் மரையில் கொஞ்சம் இறங்கியிருக்கும். மூடி போட்ட நட்டாக இருந்தால் அடித்தும் வீண், எண்ணெய் போக வழியே இல்லை. உண்மையில் இறுகிப் பிடித்திருப்பது மரை மட்டும் இல்லை, நட்டின் கூம்பு வடிவ அடிப்பாகம் ரிம்மில் உட்காரும் இடமும்தான், அங்கே துரு இருந்தால் அது ஒரு தனிப் பிடிவாதம்.

காலையில் சக்கரம் தரையிலேயே இருக்க, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். வண்டியை ஜாக்கியில் தூக்கிவிட்டு இந்தப் பலப்பரீட்சையை யாரும் செய்யாதீர்கள், வண்டி ஜாக்கியிலிருந்து சரிந்தால் கால் போய்விடும். கழற்றிய மூன்று நட்டையும் திரும்பக் கையால் மாட்டி லேசாக இறுக்கினேன். அப்புறம் 19 சாக்கெட்டை நட்டின் மேல் வைத்து ஒரு கிலோ சுத்தியலால் அடித்தேன். இங்கேதான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு அடிக்கு 'டொங்' என்று பானை மாதிரி சத்தம் வந்தது, சாக்கெட் இன்னும் மேலேயே ஆடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான்காவது அடியில் சத்தம் 'தக்' என்று செத்துவிட்டது. கையால் ஆட்டிப் பார்த்தால் ஆடவில்லை. அந்தச் செத்த சத்தம் வரும்வரை பாரைப் போடாதீர்கள், பாதி ஏறிய நிலையில் திருப்பினால் மிச்சமிருக்கும் இரும்பையும் சீவிவிடும். அதற்காக இருபது அடி அடிக்கவும் கூடாது, அந்த அடியெல்லாம் வீல் பேரிங்குக்குத்தான் போகிறது. எனக்கு நான்கு அடி போதுமானதாக இருந்தது, இதுவரை பேரிங் சத்தம் எதுவும் வரவில்லை.

பிறகு 24 இன்ச் பிரேக்கர் பார். இது செட்டில் வராது, தனியாக வாங்க வேண்டும், எனக்கு 900 ரூபாய் சொச்சம் ஆனது. இந்த வேலையில் பாதிக் கெட்டிக்காரத்தனம் இந்தத் தடியுடையது. 60 சென்டிமீட்டர் நீளம் என்பதால், நான் ஏறி நின்று முழு எடையில் கொடுத்த அதே 180ஐ முப்பது கிலோ அழுத்தத்தில் கொடுத்துவிடலாம், அதுவும் குதிக்காமல், நிதானமாக. இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக எடையை ஏற்றிக்கொண்டே போனேன். முதலில் ஒன்றுமில்லை. பார் லேசாக வளைவது போலத் தெரிந்தது. அப்புறம் 'க்ரீஈஈஈக்' என்று பழைய மரக்கதவு திறக்கும் சத்தம். மாடியில் குடியிருக்கும் மாமா பால்கனியிலிருந்து, "என்னப்பா, உடைஞ்சுடுச்சா?" என்றார். "இல்ல மாமா, வந்துடுச்சு!" என்று நான் கத்திய சந்தோஷத்துக்குத் தெருநாய் எழுந்து போய்விட்டது.

நட்டு வந்தும் சக்கரம் வரவில்லை, அது வேறு விஷயம். ரிம்மின் நடு ஓட்டை, சக்கரம் உட்காரும் ஹப்பில் துருப்பிடித்து ஒட்டியிருந்தது. ஜாக்கியில் தூக்கி, நட்டுகளை முழுசாக எடுக்காமல் நுனியில் விட்டுவிட்டு, டயரின் பக்கவாட்டில் குதிகாலால் இரண்டு உதை. விட்டது.

இனி குறைகள், நிறையவே இருக்கின்றன.

கழற்றிய நட்டு சாக்கெட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அது எதிர்பார்த்ததுதான், அதற்காகத்தான் அந்த இரும்புக் குச்சி, பார் மாட்டும் சதுர ஓட்டை வழியாக விட்டுத் தட்டினால் நட்டு வெளியே விழ வேண்டும். குச்சி மூன்றாவது தட்டில் வளைந்துவிட்டது. கடைசியில் ஒரு பழைய கான்கிரீட் ஆணியை வைத்துத்தான் தட்டினேன். ஐந்து சாக்கெட்டை உறுதியாகச் செய்தவன் குச்சியில் ஏன் கஞ்சத்தனம் பார்த்தான் என்று தெரியவில்லை.

அடுத்து தடிமன். 19 சாக்கெட்டின் வெளிவிட்டத்தை அளந்தேன், 28 எம்எம். என்னுடையது இரும்பு ரிம், நட்டைச் சுற்றி இடம் தாராளம், பிரச்சினை இல்லை. எதிர்வீட்டுக்காரர் ஐ20க்கு, அலாய் வீல், 21 எம்எம் நட்டு, அவர் கேட்டபோது பெருமையாக எடுத்துக்கொண்டு போனேன். நட்டு குழிக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது, சாக்கெட் குழி வாயிலேயே நின்றுவிட்டது, உள்ளே போகவே இல்லை. அடித்து நுழைத்திருந்தால் அலாயைக் கீறியிருக்கும். அலாய் வீல் வைத்திருப்பவர்கள் முதலில் ஸ்கேல் வைத்துக் குழியின் அகலத்தை அளந்துவிட்டு, மெல்லிய சுவர் கொண்ட சாக்கெட்டாகத் தேடுங்கள். சுவர் மெலிந்தால் பலமும் குறையும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

ஆழமும் போதாது. திறந்த நட்டில் ஸ்டட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஆழம் குறைந்த சாக்கெட் ஸ்டட் நுனியில் முட்டி நின்றுவிடும், நட்டைப் பாதிதான் பிடிக்கும். இந்த செட் என் வண்டிக்கு மயிரிழையில் போதுமானதாக இருந்தது. டீப் சாக்கெட் என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். அளவு எண்கள் வேறு லேசாகப் பொறித்திருப்பதால் கிரீஸ் கையில் 19ஆ 17ஆ என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஐந்தில் எனக்கு உதவியது ஒன்றே ஒன்று, மற்ற நான்கும் டப்பாவில் தூங்குகின்றன. உங்கள் வண்டி நட்டு என்ன அளவு என்று தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும் தனியாக வாங்குவது புத்திசாலித்தனம். ஃபோக்ஸ்வேகன் போலோ மாதிரி வண்டிகளில் நட்டே கிடையாது, 17 எம்எம் தலையுள்ள போல்ட்தான் வரும், அதற்கும் இந்த சாக்கெட் பிடிக்கும்.

சூடுகாட்டிக் கழற்றலாமே என்று கேட்பார்கள். பட்டறையில், டயர் இல்லாத இடத்தில், தெரிந்தவர் செய்வது வேறு. காற்றடைத்த டயர் பக்கத்தில் நெருப்புக் காட்டினால் உள்ளே அழுத்தம் ஏறி டயர் வெடிக்கும், ஆளையே கொல்லும். தேய்ந்த நட்டின் மேல் இன்னொரு நட்டை வெல்டிங் வைத்துத் திருப்புவதும் அதே கதைதான். காரோடு வந்த எல் ஸ்பேனரில் ஜிஐ பைப்பைச் சொருகுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. நீளம் கூடும், ஆனால் ஸ்பேனரின் வாய் அதே தளர்ந்த வாய்தானே, மூலையை இன்னும் வேகமாக மழுக்கும்.

எக்ஸ்ட்ராக்டர் கடித்த நட்டு குப்பைக்குத்தான், திரும்பப் போடக்கூடாது. என் ஸ்டட்டின் மரையிலும் இரண்டு சுற்று நசுங்கியிருந்ததால் அதையும் மாற்றினேன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புது நட்டு, ஸ்டட் இரண்டும் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. மாருதிக்கு 12 எம்எம் ஸ்டட், மரைக்கு மரை இடைவெளி 1.25 எம்எம். ஹூண்டாய், ஹோண்டாவில் 1.5. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், மாற்றி வாங்கினால் முதல் இரண்டு சுற்று ஏறிவிட்டு அப்புறம் மரையைத் தின்றுவிடும், எனவே பழைய நட்டைக் கையில் கொண்டுபோங்கள். மாட்டும்போது விரலால் நான்கைந்து சுற்று ஏற்றி, எதிரெதிராக இறுக்கி, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். மரையில் எண்ணெய் தடவ வேண்டாம், அதே டார்க்கில் ஸ்டட் அதிகமாக இழுபட்டுவிடும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன். இப்போதெல்லாம் டயர் கடையில் ஏர் கன் எடுத்தால், "தம்பி, கடைசி இறுக்கு கையாலயே வைங்க" என்று சொல்லிவிடுகிறேன், முகம் சுளித்தாலும் செய்கிறார்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். சாக்கெட்டுக்கு நாலரை, குச்சிக்கும் சீட்டுக்கும் பூஜ்யம். பாருக்கும் சேர்த்து 2,300 ரூபாய் ஆகிறது, ஒரே ஒரு நட்டுக்காக என்றால் மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுவதே மலிவு. கடலோரத்தில் இருப்பவர்கள், வெள்ளத்தில் வண்டி நின்றவர்கள், தானே கைவைக்கும் ஆசாமிகள் வாங்கலாம்.

என்னுடைய 19 இப்போது என்னிடம் இல்லை. தெருமுனை பஞ்சர் கடை அண்ணன், "சார், ஒரே ஒரு வண்டிக்கு, சாயங்காலம் தர்றேன்" என்று வாங்கிப் போனார். அது ஆடி மாதம். அவர் கடையைத் தாண்டும்போது சத்தம் கேட்டால் தெரிந்துவிடுகிறது, டொங், டொங், டொங், தக்.