கிரீன் புல்லட்: பழைய ஷூர் 520 மைக்கை மேடைக்குத் தயார் செய்வது

ஷூர் 520 மைக் 1949-ல் வந்தது. பச்சைப் பெயிண்டும் தோட்டா வடிவமும் சேர்ந்து அதற்கு கிரீன் புல்லட் என்ற பெயரை வாங்கிக் கொடுத்தன. அறிவிப்புக்கும் ரேடியோ தொடர்புக்கும் செய்த மைக் இது. 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் வராது. அதனால் பாடுவதற்கு உதவாது. ஹார்மோனிகாவுக்கோ அந்தக் குறைதான் பலம். ஹார்மோனிகா கலைஞர் லிட்டில் வால்டர் பிரபலமாக்கிய சிகாகோ ப்ளூஸ் பாணி வாசிப்பில், இந்த வகை மைக்கை ஹார்மோனிகாவோடு சேர்த்துக் கைக்குள் பொத்திப் பிடித்து, சின்ன வால்வு ஆம்ப்பில் (வெற்றிடக் குழாய் போட்ட ஆம்ப்ளிஃபயரில்) கொடுப்பார்கள். தொடர்ந்து மேடையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்: மைக்குக்குள் கை வைக்கிற வேலை கொஞ்சம்தான், வெளியே செய்ய வேண்டியதுதான் அதிகம்.

முதலில் எலிமென்ட், அதாவது சத்தத்தை மின்சாரமாக மாற்றும் உள் பாகம், உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய 520-ல் இருப்பது காந்த வகை. கன்ட்ரோல்டு ரிலக்டன்ஸ், பிறகு கன்ட்ரோல்டு மேக்னெட்டிக் என்று லேபிள் ஒட்டியிருப்பார்கள். மல்டிமீட்டரில் ஏறக்குறைய 1000 ஓம் காட்டினால் சுருள் நன்றாக இருக்கிறது. எதுவும் காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கும். அதைச் சரிசெய்ய முயல்வது வீண், வேறு எலிமென்ட் தேடுவதே நல்லது. விற்பவர் 'கிரீன் புல்லட்' என்று சொல்லி வேறு கூட்டில் கிரிஸ்டல் எலிமென்ட்டைப் போட்டுத் தந்திருந்தால் இந்தச் சோதனை செல்லாது. கிரிஸ்டல் என்பது ரோஷெல் உப்பு. ஏறக்குறைய 55 டிகிரி செல்சியஸில் கெட்டுவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் வைத்தால் போதும். கடலோர ஊர்க் காற்றின் ஈரமும் அதற்கு எமன். சரி, சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாமே என்றால், மிகவும் வறண்டாலும் அந்த உப்பு தன் நீரை இழந்து கெட்டுப்போகும். மேடைக்குக் காந்த எலிமென்ட்தான் நம்பகம்.

அடுத்தது ரப்பர் கேஸ்கட். பழையது கல்லாகிப்போயிருக்கும், தொட்டால் உதிரும். எலிமென்ட்டுக்கும் கூட்டுக்கும் நடுவே காற்று கசிந்தால் அடிக்குரல் போய்விடும். எவ்வளவு இறுக்கிப் பொத்தினாலும் அந்தக் கனமான சத்தம் வராது. கூட்டைத் திறந்ததும் உதிர்ந்த ரப்பரைத் துடைத்துவிட்டு, புது வளையத்தைச் சுற்றிலும் ஒரே சீராக உட்கார வையுங்கள். எலிமென்ட்டை விரலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள்: ஆடக் கூடாது, நசுங்கவும் கூடாது.

ஒயர் பற்றவைக்க 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். முனையில் இரண்டு வினாடிக்கு மேல் சூடு நிற்க வேண்டாம். உள்ளே தலைமுடியை விட மெல்லிய கம்பி. எர்த் ஒயரைக் கூட்டின் உலோகத்தோடு சேர்க்க மறந்தால், கை பட்டதும் ஹம் எனும் இரைச்சல் கிளம்பும்.

பழைய திருகு கனெக்டரில் நடுமுனை தேய்ந்துபோனால் சத்தம் விட்டுவிட்டு வரும். அதில் துளி ஈயம் வைத்து உயர்த்தினால் சரியாகும். கேபிள் 6 மீட்டருக்குள் இருக்கட்டும். இது ஹை இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு அதிகமான) மைக். கேபிள் நீள நீள அதன் கெப்பாசிட்டன்ஸ் (மின் தேக்கும் தன்மை) கூடி, ஏற்கெனவே குறைவாக இருக்கும் மேல் சுருதியையும் விழுங்கிவிடும்.

வால்யூம் கன்ட்ரோல் இல்லாமல் மேடையேற வேண்டாம். ஆனால் அதற்காகப் பழைய கூட்டில் துளை போடாதீர்கள், அது திரும்ப வராத சேதம். கனெக்டருக்கும் கேபிளுக்கும் நடுவே திருகிக்கொள்ளும் தனி கன்ட்ரோல் கிடைக்கிறது. காந்த எலிமென்ட்டுக்கு 250 கிலோஓம் லாக் பொட்டென்ஷியோமீட்டர் (வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை) சரியாக வரும். கிரிஸ்டலுக்கு 5 மெகாஓம் வேண்டும்.

மேடையில் உண்மையான எதிரி ஃபீட்பேக், அதாவது ஸ்பீக்கர் சத்தம் மறுபடி மைக்கில் புகுந்து எழுப்பும் ஊளை. எல்லாத் திசையிலும் கேட்கிற மைக், கை விலகினால் உடனே ஊளையிடும். ஈக்வலைசரில் மல்லுக்கட்டுவதை விட ஆம்ப்பின் முதல் ப்ரீஆம்ப் வால்வை (உள்ளே வரும் சிக்னலை முதலில் பெருக்கும் வால்வை) மாற்றுவது பலன் தரும். வழக்கமாக இருக்கும் 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கம் 100. 12ஏஒய்7 போட்டால் அது 45 அளவுக்கு இறங்கும். ஊளை தொடங்குகிற புள்ளி தள்ளிப்போகும், கரகரப்பும் எஞ்சும். 12ஏயு7-ன் பெருக்கம் 20தான். பெரிய ஆம்ப்புக்குச் சரி, சின்ன ஆம்ப்பில் உப்புச்சப்பில்லாமல் போகிறது. ட்ரெபிளைக் குறையுங்கள். ஆம்ப்பின் முகம் மைக்கைப் பார்க்காதபடி பின்பக்கமாக, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். அரங்கம் பெரிதென்றால் ஆம்ப்பைக் கூட்டாமல், ஸ்பீக்கர் துணிக்கு முன்னால் 5 சென்டிமீட்டரில், நடுவிலிருந்து ஓரமாக ஒரு எஸ்எம்57 மைக் வைத்து மிக்சருக்குக் கொடுங்கள்.

ஆம்ப் இல்லாமல் நேராக மிக்சரில்தான் கொடுக்க வேண்டும் என்றால், 1 மெகாஓம் இன்புட் உள்ள ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (மைக் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) நடுவே இருக்கட்டும். எக்ஸ்எல்ஆர் பிளக்கை (மிக்சரின் மூன்று முனை மைக் பிளக்கை) மட்டும் மாட்டிச் சமாளிப்பவர்களுக்குச் சத்தம் சோகையாகத்தான் வரும், மிக்சர் மைக் கேபிளில் அனுப்பும் ஃபான்டம் மின்சாரம் எலிமென்ட்டில் பாயும் ஆபத்தும் உண்டு.

வாரா வாரம் நிகழ்ச்சி உள்ளவர்கள் 520டிஎக்ஸ் ஒன்றை உபரியாக வைத்துக்கொள்ளலாம். அதில் இருப்பது டைனமிக் (அசையும் சுருள்) எலிமென்ட். வால்யூம் குமிழ் கூட்டிலேயே இருக்கும். பழையதன் கடி அதில் கிடைக்காது. ஆனால் நிகழ்ச்சி நடுவே எலிமென்ட் போனால், பாட்டு நிற்காமல் முடியும்.