துருக்கறைக்கு ஆக்ஸாலிக் பவுடர்: ஃபைபர் வேலை செய்கிறவன் சொல்வது

தூத்துக்குடிப் பக்கம் ஃபைபர் வள்ளங்கள் என்கிற மீன்பிடிப் படகுகளைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். ஓட்டை அடைப்பது, உடைந்த அணியத்தை, அதாவது படகின் முன்முனையைக் கட்டுவது, இன்ஜின் மாட்டுகிற பின்பலகையை மாற்றுவது எல்லாம் பெரிய வேலைகள். ஆனால் படகுக்குச் சொந்தக்காரர்களான சம்மாட்டிகள் என்னிடம் அதிகம் கேட்பது, "வெள்ளைப் படகு இப்படிப் பழுப்பேறிக் கிடக்கே, இதுக்கு என்ன போடலாம்?" என்றுதான். நான் போடுவது ஆக்ஸாலிக் ஆசிட் பவுடர். கெமிக்கல் கடையில் நிறுத்துத் தருகிற சாதாரணச் சரக்கு. மொசைக் தரைக்கு மெருகு போடுகிறவர்கள் வாங்குகிற அதே வெள்ளைத் தூள். எனக்கு ஒரு கிலோ இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஃபைபர் படகின் துருக்கறைக்கு இதைவிட நல்லதாக நான் எதையும் கண்டதில்லை. ஆனால் இது விஷம். அந்த மரியாதையோடு கையாள முடியாதவர்கள் வாங்க வேண்டாம்.

கறையை எடுக்கிறேன் என்று படகைக் கெடுத்து வைப்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஃபைபரின் மேலே பளபளவென்று தெரிகிற ஜெல்கோட் என்கிற மேல்பூச்சு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். தண்ணீர் உள்ளே இறங்காமல் காப்பது அந்த அரை மில்லிமீட்டர்தான். அதன்மேல் உப்புத்தாளை வைத்துத் தேய்த்தால் கறையோடு ஜெல்கோட்டும் போகும். கம்பி பிரஷ் அதைவிட மோசம். தேய்க்கும்போது உதிர்கிற இரும்புத் துணுக்கு ஜெல்கோட்டில் சிக்கிக்கொண்டு, அடுத்த மழையில் தானே துருப்பிடிக்கும். ஒரு கறை இருந்த இடத்தில் நூறு புள்ளி வரும்.

கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றுகிறவர்களும் உண்டு. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு போகும், உண்மைதான். கூடவே எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டில் குழி விழும், துத்தநாகம் பூசிய சங்கிலியின் பூச்சு கரையும், ஜெல்கோட்டின் மினுமினுப்பு மங்கும், அந்தப் புகை நெஞ்சை அடைக்கும். ப்ளீச்சிங் பவுடரால் துருவை எடுக்க முடியாது, கறை இன்னும் அழுத்தமாக உட்காரும். ப்ளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறைக்குள் அது ஆளைக் கொன்றுவிடும்.

ஆக்ஸாலிக் வேலை செய்கிற விதமே வேறு. அது ஜெல்கோட்டைச் சுரண்டுவதில்லை. துருவில் இருக்கிற இரும்பைப் பிடித்து இழுத்துத் தண்ணீரில் கரையும்படி மாற்றிவிடுகிறது. அதனால் தேய்க்கவே வேண்டியதில்லை. பூசிவிட்டுக் காத்திருந்தால் போதும்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் செய்த ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போதுதான் அவற்றுக்கு வெல்டிங்கும் கிரைண்டிங்கும் நடக்கும். பக்கத்தில் கரையேற்றிக் கிடக்கிற ஃபைபர் வள்ளங்கள்மேல் அந்தத் தீப்பொறி விழும். ஒவ்வொரு பொறியும் சூடான இரும்புத் துகள். ஜெல்கோட்டில் பட்ட இடத்தில் லேசாக உருக்கி உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டொரு வாரத்தில் படகின் ஒரு பக்கம் முழுக்கச் செம்புள்ளி பூத்திருக்கும். நான் சொல்கிற வள்ளத்துக்கு அதுதான் நடந்திருந்தது. அது போதாதென்று, பின்பலகையில் அவுட்போர்டு இன்ஜின் மாட்டுகிற போல்ட்டிலிருந்து கீழ்நோக்கி நீளமாகப் பழுப்புக் கோடு வேறு.

முதலில் சோப்புத் தண்ணீரால் எண்ணெயும் உப்பும் போகக் கழுவினோம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எதைப் பூசினாலும் கறையைத் தொடாது. பிறகு பிளாஸ்டிக் வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், லிட்டருக்கு 80 கிராம் பவுடர். தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு அதில் பவுடரைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். இரும்பு, அலுமினிய வாளி கூடாது. படுக்கையான இடத்துக்கு இந்தத் தண்ணீரே போதும், பழைய துணியை நனைத்து விரித்துவிடலாம். படகின் பக்கங்களில் தண்ணீர் நிற்காது, வழிந்துவிடும். அதற்கு மைதாப் பசை காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, அதில் இந்தக் கரைசலைக் கலந்து பெயிண்ட் பிரஷால் அப்பினோம். அந்தப் பாத்திரமும் கரண்டியும் இனி சமையலறைக்குத் திரும்பக் கூடாது. எடுக்கும்போதே பழையதாகப் பார்த்து எடுங்கள்.

வேலையை ஆரம்பித்தது வெயில் ஏறுவதற்கு முன்னால். இது முக்கியம். உச்சி வெயிலில் பூசினால் ஐந்து நிமிடத்தில் காய்ந்து வெள்ளைப் பொடியாகிவிடும். காய்ந்தபின் அது வேலை செய்யாது. காற்றில் பறந்து மூக்கில் ஏறுவதுதான் மிச்சம். பசைமேல் பாலித்தீன் தாளை ஒட்டி ஈரம் போகாமல் பார்த்துக்கொண்டோம். கால் மணி நேரத்தில் பசை மஞ்சள் கலந்த பச்சையாக நிறம் மாறத் தொடங்கும். துரு கரைந்து வருகிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். இருபது நிமிடத்தில் கழுவினோம். புள்ளிகளில் பெரும்பாலானவை முதல் பூச்சிலேயே போய்விட்டன. ஆழமாகப் பதிந்தவற்றுக்கு இரண்டாவது பூச்சு தேவைப்பட்டது. சம்மாட்டி விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "தம்பி, சுரண்டாமலா இப்படி ஆச்சு?" என்று கேட்டார். ஜெல்கோட் அப்படியே இருந்தது.

கழுவுகிற தண்ணீர் விஷயத்தில் ஒன்று. கடல் தண்ணீரிலும் எங்கள் ஊர் உப்புப் போர்வெல் தண்ணீரிலும் கால்சியம் அதிகம். அது ஆக்ஸாலிக்கோடு சேர்ந்தால் கரையாத வெள்ளைப் படலம் படியும். கறை போய்ப் பூசணம் பிடித்த மாதிரி படகு நிற்கும். பவுடர் சரியில்லை என்று சிலர் குறை சொல்வதற்குப் பாதிக் காரணம் இந்தத் தண்ணீர்தான். குடிக்கிற நல்ல தண்ணீரில் தாராளமாகக் கழுவ வேண்டும். கடைசியாக, ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றிவிட்டால், மிச்சம் இருக்கிற அமிலம் அடங்கும். கழிவு நீரையும் சோடா போட்டு அடக்கியபிறகே ஊற்றுங்கள். கரையில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள்.

இப்போது விஷம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். இந்தப் பவுடர் பார்ப்பதற்குச் சர்க்கரை, உப்பு போலவே இருக்கும். சில கிராம் வயிற்றுக்குள் போனாலே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிருக்கு ஆபத்தாகலாம். நான் வாங்குகிற கடையில் இதைப் பெயர்கூட எழுதாத பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டுத் தருகிறார்கள். இந்தச் சரக்கைப் பற்றி எனக்கு இருக்கிற பெரிய புகார் அதுதான், இதைக் கடைக்காரரிடமும் சொல்லியிருக்கிறேன். வாங்கினவுடன் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் கொட்டி, பெரிய எழுத்தில் விஷம் என்று எழுதி, பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் கரைத்து வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். படகில் தாகத்துக்கு எவனாவது எடுத்துக் குடித்துவிடுவான்.

ரப்பர் கையுறை, கண்ணாடி, பவுடர் அளக்கும்போது முகக்கவசம், இவை மூன்றும் இல்லாமல் நான் பையைப் பிரிப்பதே இல்லை. வெறுங்கையால் நெடுநேரம் தொட்டால் விரல் எரியும், நகம் நிறம் மாறும். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் விடாமல் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொரு குறை, பவுடர் ஈரக்காற்றில் கட்டிபிடிக்கும். கட்டியை உடைக்கும்போதுதான் தூசி பறக்கும். உடைக்காமல் அப்படியே வெந்நீரில் போடுங்கள், தானாகக் கரையும்.

படகுக்கென்றே தயாரான ஜெல்களும் இருக்கின்றன. டேவிஸ் நிறுவனத்தின் எஃப்.எஸ்.ஆர். என்ற நீல நிற ஜெல்லை வெளிநாட்டில் வேலை செய்கிற உறவினர் ஒருவர் கொண்டுவந்து தந்தார். அதிலும் வேலை செய்வது ஆக்ஸாலிக் அமிலம்தான். பூசினால் வழிவதில்லை, தூசி கிடையாது, பசை காய்ச்சுகிற வேலையும் மிச்சம். சின்னச் சின்னக் கறைக்கும், சொந்தமாக ஒரே ஒரு படகு வைத்து அழகாகப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். முப்பதடி வள்ளத்தின் ஒரு பக்கம் முழுக்கப் பூசுவதற்கு அது கட்டுப்படியாகாது.

கறை எடுத்தபின் மெழுகு போடாமல் விடாதீர்கள். அமிலம் பழைய மெழுகையும் கழுவிக்கொண்டு போயிருக்கும். வெறும் ஜெல்கோட்டில் அடுத்த கறை சுலபமாக ஏறும். கார்னோபா மெழுகு போதும். சிலிகான் கலந்த பாலிஷ் வேண்டாம், பிறகு அந்த இடத்தில் ரெசின் வேலை செய்யவேண்டி வந்தால் ஒட்டாமல் போகும். நிறம் போட்ட படகானால் முதலில் மறைவான ஒரு மூலையில் பூசிப் பாருங்கள். பெயிண்டில் எழுதிய பதிவு எண்மேல் படாமல் டேப் ஒட்டிவிடுங்கள்.

அந்த வள்ளத்தின் பின்பலகைக் கோட்டை நான் கடைசிவரை தொடவில்லை. பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கும். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, பிளைவுட் ஊறி அழுகினாலும் இதே பழுப்பு நிறத்தில்தான் வழியும். ஆக்ஸாலிக் மரக்கறையையும் வெளுத்துவிடும் என்பதால், பூசினால் அடையாளமே அழிந்துபோகும். சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தேன். ஓரத்தில் கணீரென்று கேட்டது, போல்ட்டைச் சுற்றி மட்டும் சத்தம் அமுங்கியது. போல்ட்டைக் கழற்றச் சொன்னேன். சாதாரண இரும்பு போல்ட், பாதி கரைந்திருந்தது. ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டியது. சம்மாட்டியிடம், "அண்ணே, இது பவுடர் வேலை இல்லை, பலகையை வெட்டி எடுக்கணும்" என்றேன். புதுப் பலகை வைத்து, 316 ரக எஸ்.எஸ். போல்ட் போட்டு, ஓட்டையைச் சுற்றித் தண்ணீர் இறங்காதபடி பி.யூ. (பாலியூரிதேன்) சீலண்ட் நிறைத்துக் கொடுத்தோம்.