வீட்டு லாப்: ட்ரயல் உள்ளே இருக்கட்டும், அத்திவாரத்தில் வேண்டாம்

வீட்டில் விண்டோஸ் டொமைன் லாப் ஒன்று, அதாவது அலுவலக நெற்வேர்க் போல ஒன்றைக் கட்டிப் பழகும் இடம், போட நினைக்கிற எச்என்டி (டிப்ளோமா), பிஐடி (ஐடி பட்டம்) பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த ஹைப்பர்வைசர் (ஒரே மெஷினில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) வேகம் என்று. பயனர்களையும் லொகினையும் நிர்வகிக்கிற ஒரு டொமைன் கன்ட்ரோலர், ஒரு ஃபைல் சேர்வர், ஒரு விண்டோஸ் 11 கிளையன்ட் என்ற அளவுக்கு எதை எடுத்தாலும் ஓடும். ஆறு மாதம் கழித்துத்தான் வித்தியாசம் தெரியவரும். ட்ரயல் (குறித்த நாள்வரை இலவசமாகப் பழகும் பதிப்பு) நாள் முடிகிற அன்று எது நிற்கிறது, கரண்ட் போய் வந்த பிறகு எது எழும்புகிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் நான் தெரிவு செய்தேன். பழைய டெஸ்க்டொப் ஒன்றில் ப்ரொக்ஸ்மொக்ஸ் என்ற ஹைப்பர்வைசர், அதற்குள்ளே ட்ரயல் விண்டோஸ் என்பது என் முடிவு. மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் வீஎம்வெயார். அதன் விஸ்பியர் 8 தொகுப்பின் ட்ரயல் 60 நாள், எல்லா வசதியும் திறந்திருக்கும். நாள் முடிந்ததும் ஓடிக்கொண்டிருக்கிற வீஎம்கள் (மெய்நிகர் கணினிகள்) தொடர்ந்து ஓடும், ஆனால் ஒருமுறை அணைந்த வீஎம்மைத் திரும்ப ஏற்ற முடியாது. இடையறாமல் கரண்ட் இருக்கிற இடத்தில் இது சில நாள் தெரியாமலே கிடக்கும். சோளகம் வீசுகிற மாதங்களில் தென்னோலை கம்பியில் முட்டுகிற ஒழுங்கைகளில் 61ஆம் நாளே தெரிந்துவிடும். விஸ்பியரின் ஹைப்பர்வைசரான ஈஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பை 2024 பெப்ரவரியில் நிறுத்தி, 2025 ஏப்ரலில் 8.0 அப்டேட் 3ஈ உடன் திரும்பக் கொடுத்தார்கள். அதை விசென்டர் என்ற மைய நிர்வாக மென்பொருளுடன் இணைக்க முடியாது. விசென்டரின் மிகச் சிறிய அளவுக்கே 14 ஜிபி ராம் வேண்டும் என்பதால், 16 ஜிபி மெஷினில் அதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. போதாததற்கு, சாதாரண மதர்போர்டுகளில் வருகிற ரியல்டெக் நெற்வேர்க் கார்டை ஈஎஸ்எக்ஸ்ஐ 7இலிருந்து நேரடியாக எடுப்பதில்லை. இன்ஸ்டோலர் கார்டே இல்லை என்று சொல்லி நின்றுவிடும்.

மைக்ரோசொஃப்டின் ஹைப்பர்-வியில் இரண்டு பாதை இருக்கிறது. விண்டோஸ் சேர்வர் எவாலுவேஷனையே (ட்ரயல் பதிப்பு) ஹோஸ்டாக, அதாவது வீஎம்களைத் தாங்கும் அடி மெஷினாகப் போடுவது ஒன்று. 180 நாள் முடிந்ததும் ஹோஸ்ட் மணிக்கொரு தடவை தானாக அணையும், உள்ளே இருக்கிற எல்லாமும் கூடவே போகும். இதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மற்றது, உங்கள் லப்டொப்பில் ஏற்கெனவே விண்டோஸ் 11 ப்ரோ இருந்தால் அதிலுள்ள ஹைப்பர்-வியை இயக்குவது. இதற்குக் காலாவதி இல்லை, தனி மெஷின் வாங்கவும் தேவையில்லை, லப்டொப் பற்றறியே யூபிஎஸ் ஆகிவிடும். 16 ஜிபி லப்டொப் ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் இதையே எடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஹைப்பர்-வி தானாகத் தருகிற டிஃபோல்ட் சுவிட்ச் என்ற நெற்வேர்க்கில் டொமைன் கன்ட்ரோலரை வைக்கக்கூடாது. ஹோஸ்ட் ரீஸ்டார்ட் ஆகும்போது அதன் ஐபி வரிசை மாறும், நிலையான ஐபி கொடுத்த டொமைன் கன்ட்ரோலர் தனித்துப்போகும். இன்டர்னல் சுவிட்ச் ஒன்று உருவாக்கி, பவர்ஷெல்லில் நியூ-நெட்நாட் மூலம் நாட் (ஹோஸ்டின் இணையத்தை வீஎம்களுக்குப் பகிரும் வழி) கொடுங்கள்.

வேர்ச்சுவல் பொக்ஸும், 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசமான வேர்க்ஸ்டேஷன் ப்ரோவும் பழகிப் பார்க்க நல்லவை. எப்போதும் ஓட வேண்டிய லாப்புக்கு இரண்டுமே பொருந்தாது.

இனி ப்ரொக்ஸ்மொக்ஸ். டெபியன் மேல் ஓடும் திறந்த மூல மென்பொருள், நாள் கணக்கு இல்லை. லொகின் செய்யும்போது சந்தா இல்லை என்று ஒரு பெட்டி வரும், ஓகே கொடுத்துவிட்டுப் போகலாம். இன்ஸ்டோல் செய்தவுடன் அப்டேட் கொடுத்தால் 401 பிழை வருவதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். என்டர்பிரைஸ் ரெப்பொசிட்டரி (அப்டேட் இறங்குகிற இடம்) சந்தா கேட்பதால் வருவது அது. அதை முடக்கிவிட்டு நோ-சப்ஸ்கிரிப்ஷன் ரெப்பொசிட்டரியைச் சேர்த்தால் சரி.

மெஷினுக்கு ஆறாம் ஏழாம் தலைமுறை ஐ5 போட்ட டெல் ஒப்டிப்ளெக்ஸ் போன்ற அலுவலக டெஸ்க்டொப் ஒன்று போதும். கொழும்பு யூனிட்டி பிளாசாவில் தெரிந்தவரைக் கொண்டு எடுத்து இரவு பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்கிறவர்கள் உண்டு. எங்கே வாங்கினாலும் ராம் ஸ்லொட் எத்தனை என்று கேளுங்கள். ராம் 16 ஜிபி என்றால் இறுக்கம், 32 என்றால் நிம்மதி. டெஸ்க்டொப் திரை இல்லாத சேர்வர் கோர் பதிப்பில் போடும் டொமைன் கன்ட்ரோலருக்கு 2 ஜிபி, மற்ற சேர்வருக்கு 4, விண்டோஸ் 11க்கு 4, அதற்கு வேர்ச்சுவல் டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) 2.0உம் 64 ஜிபி டிஸ்கும். 512 ஜிபி எஸ்எஸ்டி போதும். பயோஸில், வீஎம் ஓட்டுவதற்கு சிபியூவில் வேண்டிய வீடி-எக்ஸ் முடக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீஎம்மை ஸ்டார்ட் பண்ணும்போது கேவீஎம் இல்லை என்று பிழை வந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம்.

விண்டோஸை ஏற்றும்போது வருகிற முதல் தடங்கல், டிஸ்க் தெரியாமல் இருப்பது. ப்ரொக்ஸ்மொக்ஸ் வீஎம்முக்குக் கொடுக்கிற விர்ட்ஐஓ ஸ்கஸி என்ற மெய்நிகர் டிஸ்குக்கு விண்டோஸில் டிரைவர் இல்லை. விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவை இரண்டாவது சீடியாகக் கொடுத்து, லோட் டிரைவரில் வீஐஓ-ஸ்கஸி ஃபோல்டரைக் காட்டுங்கள். நெற்வேர்க் டிரைவரையும் கெஸ்ட் ஏஜென்ட்டையும் அதிலிருந்தே பிறகு போடலாம்.

இரண்டாவது தடங்கல் ட்ரயலோடு சம்பந்தப்பட்டது. எவாலுவேஷன் சேர்வர் முதல் 10 நாளுக்குள் இணையத்தில் போய் அக்டிவேட் ஆகியாக வேண்டும். லாப் என்றால் தனித்த நெற்வேர்க் என்று படித்துவிட்டு முதல் நாளே இணையம் இல்லாத தனி பிரிட்ஜில் (வீஎம்களை இணைக்கும் மெய்நிகர் சுவிட்ச்) கட்டிவிட்டால், 11ஆம் நாளிலிருந்து சேர்வர் தானாக அணையும். 180 நாள் என்றுதானே போட்டிருந்தது என்று குழம்புவது இங்கேதான். முதலில் வீஎம்பிஆர்0இல், அதாவது வீட்டு றவுட்டர் பக்கம் வைத்து அக்டிவேட் ஆகவிடுங்கள். அப்டேட்டையும் முடித்துக்கொண்டு, பிறகு தனி பிரிட்ஜான வீஎம்பிஆர்1க்கு மாற்றுங்கள். ஐஎஸ்ஓவே சுமார் 5 ஜிபி வரும், அப்டேட் வேறு. இரவு டேட்டாவில் இறக்குவது புத்தி.

எஸ்எல்எம்ஜிஆர் என்ற கட்டளையுடன் டிஎல்வி சேர்த்துக் கொடுத்தால் எத்தனை நாள் மிச்சம், ரீஆர்ம் எத்தனை தடவை மிச்சம் என்று காட்டும். ரீஆர்ம் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் நாள் புதுப்படும். வீஎம்மைப் பிரதியெடுக்கத் தயாராக்கும் சிஸ்பிரெப் ஜெனரலைஸும் இந்த எண்ணிக்கையைச் செலவழிக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதனால் சிஸ்பிரெப்புக்கு முந்தின நிலையில் ஒரு வீஎம்மைத் தனியாக வைத்திருங்கள். அப்டேட் போட வேண்டி வந்தால் அதில் போட்டு, அதைக் குளோன் பண்ணி, குளோனையே சிஸ்பிரெப் செய்து டெம்ப்ளேட் ஆக்குங்கள். விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் ட்ரயல் 90 நாள்தான். கிளையன்ட்டில் முக்கியமான எதையும் வைக்காமல், காலம் முடிந்தால் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதே லேசு.

பழைய ஸ்னாப்ஷொட்டுக்குத் (வீஎம்மின் சேமித்து வைத்த நிலை) திரும்பினால் ட்ரயல் நாளும் திரும்பும் என்று நம்பவேண்டாம். நாட்காட்டி முன்னேதான் போகும். மேலதிகமாக, டொமைனில் சேர்ந்த மெஷினின் உள்கடவுச்சொல் 30 நாளுக்கொரு தடவை மாறும். அதற்கு முந்தின ஸ்னாப்ஷொட்டுக்குப் போனால் டிரஸ்ட் உடைந்ததென்று லொகினை மறுக்கும். லோக்கல் அட்மினாக நுழைந்து, டெஸ்ட்-கொம்பியூட்டர்செக்யூர்சேனல் கட்டளையை ரிப்பேருடன் கொடுத்தால் சரிவரும்.

இப்போது கரண்ட். டெஸ்க்டொப் லாப்பின் பெரிய பலவீனம் இதுதான், லப்டொப் இங்கே வெல்கிறது. யூபிஎஸ் வாங்கும்போது யூஎஸ்பி போர்ட் உள்ளதாகப் பாருங்கள். நட் என்ற மென்பொருளைப் ப்ரொக்ஸ்மொக்ஸில் போட்டால் பற்றறி குறையும்போது அதுவே ஒழுங்காக அணைக்கும். சாதாரண 650 வீஏ யூபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும். ப்ரொக்ஸ்மொக்ஸோ ஒவ்வொரு வீஎம்மும் அணைய 180 விநாடி வரை காத்திருக்கும். அதை 60 ஆக்குங்கள். டொமைன் கன்ட்ரோலருக்கு ஓர்டர் 1 கொடுத்தால் முதலில் எழும்பி, கடைசியில் அணையும். டிஸ்க் கேஷை நோ கேஷிலேயே விடுங்கள். ரைட்பேக் அன்சேஃப் வேகம் காட்டும், ஆனால் ஒரு தடவை பொசுக்கென்று கரண்ட் போனால் டொமைன் விபரமெல்லாம் இருக்கிற அக்டிவ் டிரெக்டரியின் தரவுத்தளமே கெட்டுப்போகலாம்.

பழைய மெஷினில் மணிக்கூட்டை ஓட்டும் சிஆர்2032 பற்றறி செத்திருந்தால் அடுத்த தொல்லை. யூபிஎஸ்ஸும் தீர்ந்து எல்லாம் அணைந்தால் மதர்போர்டின் மணிக்கூடு பல வருடம் பின்னுக்குப் போகும். கரண்ட் வந்ததும் ப்ரொக்ஸ்மொக்ஸ் எழும்பும். றவுட்டர் இணையத்தைப் பிடிக்க முன்னமே டொமைன் கன்ட்ரோலர் அந்தப் பிழையான திகதியோடு தொடங்கிவிடும். பிறகு குரோனி என்ற நேரம் திருத்தும் மென்பொருள் ஹோஸ்டின் நேரத்தைத் திருத்த, அதற்குப் பின் எழும்புகிற கிளையன்ட் சரியான திகதியோடு வரும். இரண்டுக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லொகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் ஏற்காது. கடவுச்சொல் பிழை என்று நினைத்து மணிக்கணக்காகத் தேடுவதைவிட, மெஷினை வாங்கிய அன்றே பற்றறியை மாற்றுங்கள். நேரம் திருந்தும்வரை வீஎம்கள் காத்திருக்க, ப்ரொக்ஸ்மொக்ஸின் நோட் ஒப்ஷன்ஸில் ஸ்டார்ட் ஒன் பூட் டிலே 120 விநாடி வையுங்கள்.

நான் சொல்வது ஒற்றை மெஷினுக்கு. இரண்டு மூன்று மெஷினைக் கிளஸ்டராகக் கட்டுபவர்களுக்குக் கணக்கு வேறாகலாம். வீஎம்வெயார் பரீட்சை எழுதுபவர்களுக்கு ஈஎஸ்எக்ஸ்ஐ கட்டாயம் வேண்டும். அவர்களும் அதைப் ப்ரொக்ஸ்மொக்ஸுக்குள் ஒரு வீஎம்மாகப் போடலாம்: சிபியூ வகை ஹோஸ்ட், நெற்வேர்க் கார்ட் வீஎம்எக்ஸ்நெட்3. ரியல்டெக் பிரச்சினை அங்கே வராது. 60 நாள் முடிந்தால் அந்த ஒரு வீஎம்மை அழித்துத் திரும்பப் போட்டால் போதும், பக்கத்தில் டொமைன் கன்ட்ரோலர் ஓடிக்கொண்டே இருக்கும்.