வீட்டு மேசையா, ஆபீஸ் மேசையா?

தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போக எனக்கு ஒரு மணி நேரம். மழை பெய்தால் மேடவாக்கத்திலேயே பாதி உயிர் போய்விடும். வீட்டிலிருந்து வேலை என்றால் அந்த நேரம் மிச்சம். அது தூக்கத்துக்கா போகிறது? இல்லை, எட்டரைக்கே லேப்டாப்பைத் திறந்துவிடுகிறேன்.

இது என் கதை மட்டுமல்ல. 2010-11இல் சீனாவின் சீட்ரிப் பயண நிறுவனத்தில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர் நிக்கோலஸ் புளூமின் குழு இதைச் சோதித்தது. விருப்பம் சொன்ன கால் சென்டர் ஊழியர்களில் பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்களுக்கு வாரம் நான்கு நாள் வீடு; மற்றவர்களுக்கு முழுக்க ஆபீஸ். ஒன்பது மாதத்தில் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் வேலை 13% கூடியது. பெரும்பங்கு, இடைவேளையும் விடுப்பும் குறைந்ததால் வந்தது. வேலையை விட்டவர்கள் எண்ணிக்கையும் பாதியானது. ஆனால் சோதனை முடிந்து விருப்பத்தைக் கேட்டபோது வீட்டில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஆபீஸுக்கே திரும்பினார்கள். தனிமை!

எனக்கு அது நன்றாகப் புரிகிறது. ஆபீஸில் நாற்காலியைத் திருப்பிக் கேட்டால் தீரும் சந்தேகத்துக்கு, வீட்டில் அரை மணி நேர மீட்டிங் போட வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும். மைக் மியூட்டில் இருக்கிறதா என்று கை பதறும். சாப்பாட்டு மேசை நாற்காலி தரும் கழுத்து வலி தனி.

அதே நிறுவனத்தில் வாரம் இரண்டு நாள் மட்டும் வீடு என்று வைத்துப் பார்த்த ஆய்வு 2024இல் வெளியானது. வேலைத்திறன் குறையவில்லை, ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. என் ஓட்டும் அதற்குத்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும் முதல் ஆறு மாதம் ஆபீஸ் பக்கமே இருக்கட்டும்.