டச்சில் காரணம் சொல்ல: வன்ட்டா, ஒம்டட்டா?

டச்சு மொழியில் காரணம் சொல்வதற்கு அதிகம் புழங்கும் இணைப்புச் சொற்கள் வன்ட், ஒம்டட். வன்ட் போட்டால் வினைச்சொல்லை இடம் மாற்ற வேண்டாம், அதை வைத்தே சமாளிக்கலாம் என்று புதிதாகக் கற்பவர்களிடம் சொல்வதுண்டு. தமிழர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

உடம்பு சரியில்லை, அதனால் வீட்டில் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். 'இக் பிளெய்ஃப் டௌஸ், வன்ட் இக் பென் ஸீக்.' இதில் 'பென்' என்ற வினை எழுவாய்க்கு அடுத்தே நிற்கிறது. ஒம்டட் போட்டால் 'ஒம்டட் இக் ஸீக் பென்' என்று வினை கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் வழியாக டச்சுக்கு வருபவர்கள் திணறுவது இங்கேதான். வினையில் முடித்தே பேசிப் பழகிய நமக்கு இதில் பயமே வேண்டாம்.

அப்புறம், ஒம்டட் பகுதியை முன்னாலும் வைக்கலாம்: 'ஒம்டட் இக் ஸீக் பென், பிளெய்ஃப் இக் டௌஸ்.' முதலில் காரணம், பிறகு விளைவு. நாம் பேசும் வரிசையேதான். கவனம் வேண்டியது இரண்டில். காரணப் பகுதி முழுவதும் முதலிடத்தை எடுத்துக்கொள்வதால், அடுத்து 'பிளெய்ஃப்', அதன் பிறகே 'இக்'. தமிழில் 'நான்' இல்லாமலே பேசிவிடலாம். டச்சில் இரண்டு பகுதியிலும் 'இக்' வந்தாக வேண்டும். வன்ட்டை இப்படி முன்னால் கொண்டுவர முடியாது. 'வாரொம்?' (ஏன்?) என்று கேட்டால், தனிப் பதிலைத் தொடங்குவதும் ஒம்டட்தான்.

அதற்காக வன்ட்டை ஒதுக்கிவிடக் கூடாது. 'ஹெய் இஸ் டௌஸ், வன்ட் ஹெட் லிக்ட் பிரன்ட்': அவன் வீட்டில்தான் இருக்கிறான், விளக்கு எரிகிறதே. விளக்கு அவன் இருப்பதற்குக் காரணம் இல்லை, நாம் அப்படி ஊகிப்பதற்கு ஆதாரம். இங்கே ஒம்டட் போட்டால், விளக்கு எரிவதால்தான் அவன் வீட்டில் இருக்கிறான் என்று பொருள் திரிந்துவிடும். இந்த ஒரு வேலைக்காகவே வன்ட்டை நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும்.

மழையால் தெரு வழுக்குவதுபோல, யாரும் முடிவெடுக்காமல் நடப்பதற்கு டோர்டட் என்று இன்னொன்று உண்டு. அதிலும் வினை கடைசியில்தான்.

சரி, ஒம்டட் பகுதியில் இரண்டு வினை வந்தால்? 'ஒம்டட் ஹெய் ஹேஃப்ட் கெவெர்க்ட்', 'ஒம்டட் ஹெய் கெவெர்க்ட் ஹேஃப்ட்' இரண்டும் சரியே; 'அவன் வேலை செய்திருப்பதால்' என்று பொருள். முதலாவதைச் சிவப்பு வரிசை, இரண்டாவதைப் பச்சை வரிசை என்பார்கள். மொழியியலாளர் பாவெல்ஸ் 1953-இல் வெளியிட்ட ஆய்வின் வட்டார வழக்கு வரைபடங்களில் இருந்த வண்ணங்கள் அவை. துணைவினை 'ஹேஃப்ட்' கடைசியில் வரும் பச்சைதான் தமிழ் வாய்க்கு எளிது. எழுத்தில் சிவப்பு நிறையக் கண்ணில் படும். அதைப் பார்த்துப் பச்சை தவறு என்று மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.